நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம்

இதை எழுதவேண்டும் என்று முதன்முதல் கொப்பியை எடுத்து வைத்தபோது என் மருமகனுக்கு இந்த நாட்டுப் பிரசாவுரிமை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டு பக்கம் எழுதினேன். யாராவது கண்டு, கொண்டுபோய்க் கொடுத்து, மூடின பைலைத் திரும்பத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. கிழித்துப் போட்டேன். பிறகு பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், நான் வேலையால் நின்றேன். இடையில் நாலைந்து தரம் எழுதினேன், நாலைந்து தரமும் கிழித்தேன். பயம் ஒன்று, வெட்கம் மற்றது. வெட்கம்தான் கூட என்று இப்போது விளங்குகிறது. முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இந்த முறை கிழிக்காமல் எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. திருக்கோணமலையில் எட்டாம் வகுப்போடு நின்று, கப்பலில் வேலை செய்து, எழுபதுகளில் ரொறன்ரோவுக்கு வந்து பாண் பேக்கரி ஒன்றில் சேர்ந்தவன். மனைவியும் ஒரே மகளும் பின்னால் வந்தார்கள். இலங்கையில் நடந்த எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்கு முதலே நாங்கள் மூன்று பேரும் சிட்டிசன். அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாம், "உங்களுக்கென்ன, பேப்பர் இருக்கு" என்பார்கள். பேப்பர் இருக்கிறவனுக்கு ஒரு வியாதி வரும். தன்னோடு சிரிக்கிறவன் எல்லாம் அந்தப் பேப்பரைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று நினைக்கத் தொடங்குவான். எனக்கு அந்த வியாதி நன்றாகவே பிடித்திருந்தது.

நகரத்துக்கு வெளியே றிச்மண்ட் ஹில் பக்கம் இருக்கிற கோயில் என்றால் கார் இல்லாத எங்களுக்கு அது வேறு நாடு மாதிரி. அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் அப்பார்ட்மென்ற் கட்டிடத்தின் கீழ் மண்டபத்தில் கூடி வழிபடுவோம். பூசை செய்கிறவர் என்னோடு பேக்கரியில் தட்டு அடுக்குகிற ஓர் அண்ணை. யாழ்ப்பாணத்தவர், தீட்சை பெற்றவர். பகலில் தலையில் வலைத்தொப்பியும் கையில் உறையும். வெள்ளி பின்னேரம் வேட்டியும் திருநீறும். எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குத் திவசம், வீடு குடிபூரல், தாலிகட்டு எல்லாம் அவர்தான் செய்து வைப்பார். எனக்கு அவர் உற்ற நண்பர். ஒரு சின்ன மனத்தாங்கல் மட்டும் இருந்தது. தன் தம்பிக்கு என் மகளைக் கேட்டிருந்தார். மகள் வேண்டாம் என்றாள். "சரி, அவளுக்கு எழுதினது வேறை" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனவர். அந்தச் சிரிப்பை நான் மறக்காமல் வைத்திருந்தேன்.

அந்த வழிபாட்டுக்குத் தமிழ்நாட்டு இளைஞன் ஒருவன் வரத் தொடங்கினான். மெலிந்தவன், வயது இருபத்தாறு இருக்கும். கல்லூரியில் படிக்க வந்து, தகப்பன் நோயில் விழ வீட்டிலிருந்து காசு வருவது நின்று, படிப்பும் நின்று, மாணவ விசாவும் முடிந்து, ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். பூசை முடிந்ததும் பொங்கல் பானையைக் கேளாமலே எடுத்துக் கழுவி வைப்பான். "உவன் புக்கை தின்ன வாறவன்" என்று நான் சொல்லியிருக்கிறேன். பொங்கலை நாங்கள் புக்கை என்போம். அவன் புக்கைக்கு வரவில்லை, என் மகளைப் பார்க்க வருகிறான் என்பது எண்பத்தைந்தாம் ஆண்டு ஆவணியில்தான் தெரிந்தது. மகளே வந்து சொன்னாள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மனைவியிடம் சொன்னேன்:

"விசா இல்லாதவனுக்குச் சிட்டிசன் பொம்பிளையிலை அன்பு வாறது ஒரு புதினமே?"

"இஞ்சாருங்கோ," என்றாள் அவள், கறியைக் கிளறிக்கொண்டே. "நானும் உங்கடை கப்பல் சம்பளத்தைக் கேள்விப்பட்டுத்தான் ஓமெண்டனான். பிறகு உங்களோடை இருக்கேல்லையே?"

அவனைக் கூப்பிட்டு நேரே கேட்டேன்.

"விசா முடிஞ்சு எவ்வளவு காலம்?"

"ஒண்ணரை வருஷம் ஆச்சு மாமா."

"ஆர் உமக்கு மாமா?"

"சரிங்க அங்கிள். ஒண்ணரை வருஷம். மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

மறைக்கிறதுக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிறவனிடம்தான் எல்லாம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவன் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு மாதம் கழித்து வேறு மாதிரிக் கேட்பேன், சொல் மாறுகிறதா என்று. மாறவில்லை. மாறாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. பாடமாக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

இந்த நேரத்தில், ஐப்பசி மாதம், ஊரில் என் தகப்பனார் காலமானார். நான் மூத்த மகன். வழி நெடுக ஆமியும் சோதனையும். தந்தி என் கைக்கு வரும்போதே எட்டாம் நாட் கிரியையான எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. கொள்ளி வைக்க நான் இல்லை. தம்பி வைத்தான். சுவாமி படத்துக்கு முன்னால் நின்று, வருஷம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும்வரை என் வீட்டில் ஒரு மங்கல காரியமும் நடக்காது என்று தகப்பனாருக்குச் சத்தியம் செய்தேன். கொள்ளி வைக்காத கைக்குச் செய்ய வேறு என்ன இருக்கிறது? இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு வந்ததெல்லாம் இந்தச் சத்தியத்திலிருந்து வந்தது.

மகள் அவனைத்தான் கட்டுவேன் என்று அசையவில்லை. நானும் கடைசியில் ஓமென்றேன், அரை மனதோடு. மகள் என்னையும் அவனையும் இலவசமாகச் சட்டம் சொல்லித் தருகிற ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா. நரைத்த தலை, மேசை முழுக்கப் பைல். அவர் சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொன்னாள்.

நான் முதலில் கேட்டது, "நான் சிட்டிசன்தானே, நான் ஸ்பொன்சர் பண்ணக் கூடாதோ?" என்று. கூடாதாம். மருமகனை மாமன் ஸ்பொன்சர் பண்ண வழியில்லை, மனைவிதான் பண்ணலாம். அதற்கு இரண்டு பாதை. ஒன்று, அவன் இந்தியாவுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து விண்ணப்பிக்கிறது. எவ்வளவு காலம் எடுக்கும், ஓமென்பார்களா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மற்றது, இங்கேயே இருந்துகொண்டு, குடும்பத்தைப் பிரிக்க வேண்டாம் என்று இரக்கத்தின் பேரில் கேட்கிறது. அதற்குக் கலியாணம் உண்மையான கலியாணம் என்று இமிகிறேஷன் ஒவ்வீசர் நம்பவேண்டும். நம்பாவிட்டால்? விண்ணப்பம் போட்ட பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும். விசாரணை வைப்பார்கள். நல்ல மாதிரி முடிந்தால் தானாகப் போகச் சொல்லி நாள் குறித்துக் கொடுப்பார்கள். கூடாமல் முடிந்தால் நாடுகடத்தல். அப்படிப் போனவன் அமைச்சரின் சம்மதம் இல்லாமல் திரும்ப இந்த மண்ணை மிதிக்க முடியாது.

மகள் அந்தக் கடைசி வரியை மொழிபெயர்க்கும்போது குரல் இறங்கியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க இருந்து போடறது ரிஸ்க்குன்னா திரும்பிப் போறேன் மாமா," என்றான் வெளியே வந்தபிறகு. "அவ பேருக்குக் கெட்டது வரக்கூடாது."

மகள், "நீங்கள் ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ. இஞ்சை இருந்துதான் போடுறம்" என்றாள்.

எண்பத்தாறு சித்திரையில் நகரசபை மண்டபத்தில் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடிந்தது. எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. எழுத்து வேறு, தாலிகட்டு வேறு. எழுத்து முடிந்து ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துத் தாலி ஏறினதெல்லாம் உண்டு. அதுவரை பெண் தகப்பன் வீட்டில்தான் இருப்பாள். தாலிகட்டை ஆட்டைத் திவசம் முடிந்து கார்த்திகையில் வைப்பதென்று நான் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அவன் மட்டும், "எங்க ஊர்ல தாலி கட்டிட்டுத்தான் ரெஜிஸ்டர் ஆபீஸுக்கே போவாங்க" என்றான். "இது உங்கடை ஊரில்லை" என்றேன். கிழக்கே இருந்த தன் பேஸ்மென்ற் அறைக்கு அன்று மாலையே பஸ் ஏறிப் போனான், எழுத்து முடிந்த மாப்பிள்ளை.

படிவத்தில் இருவரும் எங்கள் வீட்டு விலாசத்தைத்தான் எழுதினார்கள். அவன் இருந்த இடத்தில் கடிதங்கள் தொலைந்துபோகும், அதனால் அவனுக்கு வருவதெல்லாம் எங்கள் விலாசத்துக்குத்தான் வரும். அந்த அம்மா, "எங்கே இருப்பீர்கள்?" என்று கேட்டபோது மகள், "இப்போதைக்கு அப்பா அம்மாவோடு" என்றாள். தன்னைச் சொன்னாள். அந்த அம்மா இருவரையும் என்று எடுத்துக்கொண்டார். அதில் பொய் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவேயில்லை.

குடும்பத்தில் யாராவது ஒரு கடிதம் எழுதினால் நல்லது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். நான் எழுதினேன். மூன்று இரவு யோசித்துத் தமிழில் எழுதி, மொழிபெயர்த்து முத்திரை குத்துகிற ஒருவரிடம் கொடுத்து இங்கிலீசில் அடிப்பித்து, கையெழுத்து வைத்தேன். ஆட்டை முடியாத வீடென்றாலும் நல்ல காரியத்துக்குப் போகிற கடிதம் என்று நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். அந்த அம்மாவிடம் கொடுக்க மனம் வரவில்லை. அவருடைய மேசையில் எத்தனை பேருடைய கை படுகிறதோ! தபாலிலும் நம்பிக்கையில்லை. உறையிலிட்டு, ஒட்டி, பைல் நம்பரை எழுதி, அவன் கையிலேயே கொடுத்து இமிகிறேஷன் கவுண்டரில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்துவிட்டு வந்து, "குடுத்துட்டேன் மாமா" என்றான். உண்மையில் கொடுத்தானா என்றும் இரண்டு நாள் யோசித்தேன்.

ஆனியில் முதல் நேர்முகம். இருவரையும் வேறு வேறாகக் கேட்டார்கள். அவன்தான் முதலில் வெளியே வந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. பின்னால் மகள் வந்தாள். அழவில்லை, ஆனால் கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். ஒவ்வீசர் சொன்னாராம்: "நீங்கள் இருவரும் ஒன்றாக வாழ்வதில்லை என்று எங்களுக்கு எழுத்தில் தகவல் வந்திருக்கிறது." யார் எழுதியது என்று சொல்லவில்லை. இரவு எங்கே படுத்தீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டார். இருவரும் உள்ளதைச் சொன்னார்கள். அப்படியென்றால் படிவத்தில் ஏன் ஒரே விலாசம் என்று கேட்டார். இன்னொரு முறை அழைப்போம், அன்றைக்கும் திருப்தி இல்லாவிட்டால் விசாரணைக்குப் போகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எழுத்தில் தகவல். எங்கள் ஆட்கள் யாருக்கும் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பெட்டிசம். ஊரில் ஒருவனுக்கு வேலை உயர்வு வந்தால் பெட்டிசம், கலியாணம் பேசினால் பெட்டிசம், மதில் கட்டினால் பெட்டிசம். பேரில்லாமல், இடக்கையால் எழுதி, பக்கத்து ஊர்த் தபால் பெட்டியில் போடுவார்கள். கடல் தாண்டி வந்தும் அது விடவில்லை என்று நினைத்தேன்.

யார்? அன்றிலிருந்து எனக்கு வேறு வேலையில்லை. மாவு வாசத்துக்குள் நின்று ஒவ்வொரு முகமாக எடுத்துப் பார்த்தேன். அவன் பேஸ்மென்ற் வீட்டுக்காரரா? அவருக்கு என்ன லாபம்? கடிதம் அடித்துத் தந்தவரா? அவனே செய்திருப்பானோ, என் மகளைக் கைகழுவ இது ஒரு வழியோ என்றுகூட நினைத்தேன். மனைவியிடம் அதைச் சொன்னபோது, "விசா வேணுமெண்டு கட்டினவன் எண்டு போன கிழமை சொன்னியள். இந்தக் கிழமை விசா வேண்டாமெண்டு எழுதினவன் எண்டிறியள். ஒண்டிலை நில்லுங்கோ" என்றாள்.

பிறகு ஒரு நாள் எனக்குள் மணி அடித்த மாதிரி ஒன்று வந்தது. வைகாசியில் தட்டு அடுக்கிக்கொண்டு நிற்கும்போது பூசை செய்கிற அண்ணை கேட்டிருந்தார்: "மகள் இன்னும் உம்மடை வீட்டிலைதானே?" "ஓம், தாலி கட்டும்வரைக்கும்" என்றேன். "நல்லது, நல்லது" என்றார். ஏன் கேட்டார்? எதற்கு இரண்டு நல்லது? தம்பிக்குப் பெண் கிடைக்காத கோபம். சிரித்த சிரிப்பு. எல்லாம் பொருந்தியது. பொருந்தினதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எதிரி யாரென்று தெரிந்தால் மனிதனுக்கு அப்படியொரு நிம்மதி.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அவர் திருநீற்றுத் தட்டோடு வரிசையாக வந்தார். எனக்கு முன்னால் வந்ததும் நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். முப்பது பேர் பார்த்தார்கள். அவர் தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினார்.

திங்கட்கிழமை வேலையில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனப்பா, என்ர கையிலை என்ன அழுக்கு?"

"கையிலை இல்லை அண்ணை. பேனையிலை."

அவருக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு நானும் போகவில்லை, என் வீட்டாரையும் விடவில்லை. வீட்டில் தனியே விளக்கேற்றிக் கும்பிட்டேன். கும்பிடும்போது கூட மனம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. தெய்வம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

ஆடி முடியப்போகிற நேரம் இரண்டாவது அழைப்பு வந்தது. இம்முறை அந்த வெள்ளைக்கார அம்மாவும் வந்தார். பெண்ணின் தகப்பனையும் கூட்டி வரலாம் என்றிருந்ததால் நானும் போனேன், கோட்டுப் போட்டு, நெற்றியில் திருநீற்றோடு. பெட்டிசம் போட்டவன் யாரென்று எனக்குத் தெரியும், கேட்டால் பேரைச் சொல்வேன் என்ற எண்ணத்தோடுதான் போனேன்.

ஒவ்வீசர் என் வயதுக்காரர். அமைதியாகப் பேசினார். பைலைத் திறந்து, "இந்த எழுத்துத் தகவலைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும்" என்று ஒரு தாளை எடுத்தார். தாள் அவர் பக்கம் பார்த்தபடி இருந்தது. பின்பக்கம்தான் எங்களுக்குத் தெரிந்தது. மகள் அதையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள்.

தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் ஊறியிருந்தது.

ஒவ்வீசர் வாசித்தார். மகள் தமிழில் சொல்லத் தேவையிருக்கவில்லை. என்னுடைய வரிகள் எனக்குப் பாடம். "என் மகள் ஒழுக்கமாக வளர்க்கப்பட்டவள். எழுத்து முடிந்த நாளிலிருந்து இன்றுவரை இந்த இளைஞருடன் ஒரு நாளாவது ஒரே கூரையின் கீழ் தங்கியதில்லை. இருவரும் தனியே சந்திப்பதுமில்லை. இதற்குத் தகப்பனாகிய நானே சாட்சி. இறைவன்மேல் ஆணை."

கலியாணம் உண்மை என்று காட்டுவதற்கு நான் எழுதிய கடிதம் அது. நல்ல குடும்பத்துப் பெண், இது மரியாதையான சம்பந்தம் என்று அரசாங்கத்துக்குச் சொல்வதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பெட்டிசம் எழுதியவனைத் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். கீழே என் கையெழுத்து இருந்தது.

அந்த அம்மா கடிதத்தை வாங்கி வாசித்தார். என்னைப் பார்த்து, ஒரு வார்த்தைதான் கேட்டார். மகள் சொன்னாள்: "ஏன் தனக்குக் காட்டேல்லை எண்டு கேக்கிறா." நான் என்ன சொல்வது? உங்கள் மேசையை நம்பவில்லை என்றா?

பிறகு நான் பேசினேன், மகள் மொழிபெயர்த்தாள். தகப்பனார் இறந்தது, கொள்ளி வைக்காதது, வருஷம் திரும்பாதது, எழுத்து வேறு தாலி வேறு என்பது எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வீசர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியென்றால் உங்கள் கணக்கில் இவர்கள் கணவன் மனைவியா, இல்லையா?"

"அரசாங்கத்துக்கு ஓம். சுவாமிக்கு இன்னும் இல்லை."

"எனக்கு அதில் ஒன்றைத்தான் விசாரிக்க அதிகாரம் இருக்கிறது," என்றார். "கணவன் மனைவி என்றால் ஒரு வீட்டில் இருக்கவேண்டும். புரட்டாசி கடைசிக்குள் எனக்கு அதைக் காட்டுங்கள்." செப்டெம்பர் என்றுதான் அவர் சொன்னார். என் தலைக்குள் அது புரட்டாசி என்றுதான் விழுந்தது. வருஷம் திரும்ப ஐப்பசி வேண்டும்.

லிஃப்ற்றில் இறங்கினோம். ஒன்பது மாடித்தட்டு. பாதியில் அவன் வாய் திறந்தான்.

"எங்க ஊர்ல மாப்பிள்ளைக்குத்தான் மாமா கேரக்டர் சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க. நீங்க பொண்ணுக்குக் குடுத்துட்டீங்க."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அவனைப் பார்த்தேன்.

"அந்தக் கடிதம் ரெண்டு நாள் உம்மடை கையிலைதானே இருந்தது. திறந்து பாக்கேல்லையே?"

"மாமா ஒட்டிக் குடுத்ததை நான் எப்படிப் பிரிப்பேன்?"

நான் நினைத்த மாதிரிக் கள்ளனாக அவன் இருந்திருந்தால் அன்றைக்கே திறந்து பார்த்திருப்பான். பார்த்திருந்தால் அது கவுண்டருக்குப் போயிருக்காது. அவன் நேர்மையால்தான் அகப்பட்டான், என் சந்தேகத்தால் அகப்பட்டான். அந்த ஒன்பது தட்டு இறங்குவதற்குள் அவன்மேல் எனக்கிருந்த சந்தேகம் முழுக்க முடிந்தது. அவன் மாமா என்று கூப்பிட்டதை அதன்பிறகு நான் திருத்தவில்லை.

இனிச் சத்தியம். செத்த தகப்பனுக்குச் சொன்ன சொல்லா, உயிரோடு இருக்கிற மகளின் வாழ்க்கையா? இதில் வழி சொல்லக்கூடிய ஒருவர்தான் எனக்குத் தெரிந்து இருந்தார். அவருடைய தட்டுக்குத்தான் நான் கை நீட்ட மறுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய கதவைத் தட்டினேன். இடுப்பில் கட்டின சாரத்தோடு வந்து திறந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தில் இருந்த வரிகளையும் சொன்னேன். பேனை என்று அன்றைக்குச் சொன்னதன் அர்த்தத்தையும் சொன்னேன்.

அவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்தார்.

"நான் பெட்டிசம் போடுறதெண்டால்," என்றார், "என்ர பேரும் போட்டு, விலாசமும் போட்டு, உமக்கும் ஒரு கொப்பி அனுப்பித்தான் போடுவன். இவ்வளவு காலம் என்னோடை நிண்டு பாண் அடுக்கி என்னத்தைக் கண்டீர்?"

"பிழைதான் அண்ணை."

"மகள் வீட்டிலைதானே எண்டு ஏன் கேட்டனான் தெரியுமே? என்ர தம்பி வேறை இடத்திலை ஓமெண்டிட்டான். அதைச் சொல்லத்தான் வாய் எடுத்தனான். உம்மடை முகத்தைப் பாத்திட்டு விட்டிட்டன்."

பிறகு உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தோடு வந்தார். கதவடியிலேயே இருந்து புரட்டினார். வீட்டில் கட்டாயமான நல்ல காரியம் இருந்தால் ஆட்டைத் திவசத்தை முன்னுக்கு எடுத்துச் செய்யலாம், ஊரிலும் செய்கிறவர்கள், அதில் குறையில்லை என்றார். எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டும் இல்லை. கேட்டிருந்தால் சித்திரையிலேயே முடிந்திருக்கும்.

"அப்பர் கோவிப்பாரோ?" என்று கேட்டேன்.

"பேத்தியைப் புருஷனோடை சேத்து வைக்கிறதுக்கு எந்தத் தகப்பன் கோவிப்பான்? விசரே உமக்கு?" என்றார். "ஆனா ஒண்டு. வெள்ளிக்கிழமை வந்து எல்லாருக்கும் முன்னாலை கையை நீட்டும். அதுக்குப் பிறகுதான் நான் பிண்டம் வைப்பன்."

நீட்டினேன். அதே முப்பது பேர் இருந்தார்கள். அவர் வேண்டுமென்றே நிறையத் திருநீறு போட்டார், கையிலிருந்து கொட்டுப்படும் அளவுக்கு. "பூசும், பூசும், உமக்குக் கொஞ்சம் கூடத்தான் வேணும்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கண் முட்டிவிட்டது.

ஆவணி பிறந்ததும் ஆட்டைத் திவசம் செய்தோம். எள்ளுத் தண்ணீர் விடும்போது மனதுக்குள் தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். பத்து நாள் கழித்து, எங்கள் வீட்டு முன் அறையிலேயே தாலிகட்டு. ஓமம் வளர்க்கக் கட்டிடத்தில் விடமாட்டார்கள், குத்துவிளக்குத்தான் சாட்சி. மனைவியின் கூறைச் சேலையைத்தான் மகள் உடுத்தாள். அன்று பின்னேரம் இருவரும் இரண்டு சூட்கேசோடு ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றுக்குப் போனார்கள். பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போனேன்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை அந்த ஒவ்வீசர் இன்னொருவரோடு அங்கே வந்தாராம். மகள் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். அவன் தோசை சுட்டுக்கொண்டிருந்தான். அலுமாரியைத் திறந்து பார்த்தார்களாம். குளியலறையைப் பார்த்தார்களாம். மகளின் கழுத்தில் தாலிக்கொடியைக் காட்டி, இது முன்பு இல்லையே என்றாராம். "இப்பதான் சுவாமிக்கும் கலியாணம் முடிஞ்சுது" என்று மகள் சொன்னாளாம். அவர் சிரித்தாரா என்று கேட்டேன். "தெரியேல்லை அப்பா. எழுதிக்கொண்டு போனார்" என்றாள்.

அதன்பிறகு எட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. கதவு தட்டுப்பட்டால் மனைவி முதலில் என்னைப் பார்ப்பாள். கடிதம் வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் திறப்போம். எண்பத்தேழு வைகாசியில் ஏற்றுக்கொள்கிறோம் என்று வந்தது. அவன் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து, திறக்காமல், என் கையில் தந்தான். "நீங்க பிரிங்க மாமா" என்றான். நான் அவசரமாகப் பிரித்ததில் உறையோடு கடிதமும் பாதி கிழிந்தது. அந்தக் கிழிசலை ஒட்டி இன்றும் வைத்திருக்கிறான்.

அண்ணை பிறகு நகரத்துக்கு வெளியே விட்பிப் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார். அங்கேதான் காலமானார். அவருடைய பிள்ளைகள் அழைத்து, திருநீற்றுத் தட்டை என்னிடம் தந்தார்கள், அப்பா குடுக்கச் சொன்னவர் என்று. என் சுவாமி அறையில் இருக்கிறது.

சட்டம் இப்போது எத்தனையோ தரம் மாறிவிட்டது. அதனால் என்னிடமிருந்து சட்டத்தை எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் பேப்பர் இல்லாத ஒருவர், மருமகனோ மருமகளோ, இருந்தால் சட்டம் தெரிந்த ஒருவரிடம் போங்கள். போகும்போது ஒரு தாளையும் ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள். எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள். நமக்கு மரியாதையாகத் தெரிவது இமிகிறேஷன்காரருக்கு என்னவாகத் தெரியும் என்று முதலில் கேளுங்கள். வீட்டில் நல்ல நாள், கெட்ட நாள் பிரச்சினை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மகள் இதை வாசித்துவிட்டு, "அப்பா, கடிதத்திலை நீங்கள் எழுதினதை மட்டும் எடுத்துவிடுங்கோ. ஆக்கள் சிரிப்பினம்" என்றாள். மருமகன் எடுக்கவேண்டாம் என்றான். நான் எடுக்கவில்லை. அதை எடுத்தால் பிழை வேறு யாரோ செய்தது போல ஆகிவிடும். வாசிக்கிறவர் திரும்பவும் பெட்டிசம் போட்டவனைத் தேடப் போவார். ஆகவே இதை யாருக்காவது கொடுத்தால், கொப்பி எடுத்தால், வாசித்துக் காட்டினால், ஒரு வரியையும் குறைக்காமல், என்னை நல்லவனாக்காமல், நான் எழுதினபடியே கொடுங்கள். நாலு மூலை மஞ்சளையும் சேர்த்து.